மிதிவண்டிப் பயணத்தில் கால்கள் சோர்வது ஏன்?

கடந்த ஆண்டு, ஐம்பத்திரண்டு வயதுடைய ஒருவர் தம் மனைவியுடன் வெளிநோயாளர் பிரிவுக்கு வந்திருந்தார். ஞாயிறுதோறும் விடியற்காலையில் திருவான்மியூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே கோவளம் வரை மிதிவண்டியில் சென்று திரும்புவது அவரது வழக்கம். போக வர ஏறத்தாழ 50 கிலோமீட்டர். "இரண்டு ஆண்டுகளாகப் போய் வருகிறேன், டாக்டர். இந்த மூன்று மாதமாகத்தான் பாதி வழியிலேயே கால்கள் துவண்டுவிடுகின்றன. மிதிக்கத் தெம்பே இல்லை" என்றார். புதிய மிதிவண்டி வாங்கியிருந்தார். புரதத் தூளும் உட்கொண்டிருந்தார். இரண்டாலும் பயன் இல்லை.

நீரிழிவு, உடற்பருமன், தொடக்கநிலை மூட்டுத் தேய்மானம் ஆகியவை உள்ள பலருக்கு மிதிவண்டிப் பயிற்சியை நாங்களே பரிந்துரைக்கிறோம். ஆகவே, கால் சோர்வு பற்றிய கேள்வியும் எங்களிடம் அடிக்கடி வருகிறது. பெரும்பாலோருக்கு இதன் காரணம் உணவு, வேகம், இருக்கையின் உயரம் ஆகியவற்றில் இருக்கிறது, எளிதில் சரிசெய்யலாம். சிலருக்கு அது ஒரு நோயின் முதல் அறிகுறி. இவ்விரண்டையும் பிரித்தறிவது அவசியம்.

எரிபொருள் தீரும்போது

நாம் உண்ணும் மாவுச்சத்தின் ஒரு பகுதி கிளைக்கோஜன் என்னும் வடிவில் சேமிக்கப்படுகிறது. நன்கு உண்ட ஒருவரின் தசைகளில் ஏறத்தாழ 400 கிராமும், கல்லீரலில் ஏறத்தாழ 100 கிராமும் இருக்கும். சற்றுக் கடுமையாக மிதித்தால் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்தில் இச்சேமிப்பு பெரிதும் குறைந்துவிடும். உடலில் கொழுப்பு எவ்வளவு இருந்தாலும், அதிலிருந்து அதே வேகத்தில் ஆற்றலைப் பெற இயலாது. கால்கள் திடீரெனக் கனப்பதன் காரணம் இதுவே.

வெறும் காப்பி மட்டும் அருந்திவிட்டு நெடுந்தூரம் செல்வது நல்லதன்று. புறப்படுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு இரண்டு மூன்று இட்லி உண்ணலாம். அதற்கு நேரமில்லையெனில் ஒரு வாழைப்பழமாவது உண்ண வேண்டும். ஒன்றரை மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணமெனில், மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து தேவை. நடுத்தர அளவுள்ள வாழைப்பழம் ஒன்றில் ஏறத்தாழ 25 கிராம் உண்டு. பேரீச்சம்பழம், கடலை மிட்டாய் ஆகியவையும் ஏற்றவை. பசி எடுத்த பிறகு உண்பதைவிட, முதல் அரைமணி நேரம் கழிந்ததும் சிறிது சிறிதாக உண்ணத் தொடங்குவதே சிறந்தது.

தொடக்க வேகமும் கனமான கியரும்

புறப்பட்டவுடன் உற்சாகத்தில் வேகமாகச் செல்வோர் திரும்பும் வழியில் அதன் விலையைச் செலுத்துகின்றனர். மார்கழி, தை மாதங்களில் தெற்கு நோக்கிச் செல்லும்போது முதுகில் தள்ளும் வாடைக்காற்று, திரும்பும்போது மார்பில் மோதும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். முழு வாக்கியங்களாகப் பேசிக்கொண்டே செல்ல முடிகிற வேகமே நெடும்பயணத்துக்கு உகந்தது.

கனமான கியரில் மெதுவாக அழுத்தி மிதிப்பது மற்றொரு தவறு. அவ்வாறு மிதிக்கும்போது, விரைவில் களைப்படையும் தசைநார்கள் அதிகமாக வேலை செய்கின்றன. கிளைக்கோஜனும் விரைந்து செலவாகிறது. இலேசான கியரில் நிமிடத்துக்கு 80 சுற்றுகள் அளவில் மிதித்துப் பழகுங்கள். தொடக்கத்தில் மூச்சு சற்று வாங்கும். சில வாரங்களில் பழகிவிடும். கியர் இல்லாத மிதிவண்டி வைத்திருப்போர் மேட்டிலும் எதிர்காற்றிலும் வேகத்தைக் குறைத்துக்கொள்வதே போதுமானது. பயணத் தூரத்தையும் படிப்படியாகவே கூட்ட வேண்டும்.

இருக்கையின் உயரம்

சுவரில் சாய்ந்தபடி இருக்கையில் அமர்ந்து, பெடல் மிகக் கீழே இருக்கும் நிலையில் குதிகாலை அதன்மீது வையுங்கள். அப்போது கால் நேராக நீள வேண்டும். பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் சிறிதளவே மடங்கியிருக்கும். இருக்கை தாழ்வாக இருந்தால் தொடைத்தசை விரைவில் களைக்கும்; முழங்காலின் முன்புறம் வலிக்கும். அளவுக்கு மீறி உயர்ந்தால் இடுப்பு இருபுறமும் ஆடும்; முழங்காலின் பின்புறம் வலி தோன்றும். காற்றுக் குறைந்த டயரும் கால்களை வீணாகக் களைப்புறச் செய்யும்.

நீரும் உப்பும்

புறப்படும் முன்பும் திரும்பிய பின்பும் எடை பார்ப்பது எளிய சோதனை. 70 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 1.4 கிலோவுக்கு மேல் குறைந்திருந்தால், அருந்திய நீர் போதவில்லை என்று பொருள். எடை கூடியிருந்தால் தேவைக்கு மேல் அருந்திவிட்டார். வெயிலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் செல்வோர் வெறும் நீரோடு, உப்பிட்ட மோர் அல்லது உப்பு சர்க்கரைக் கரைசலையும் எடுத்துச் செல்லலாம். இதயச் செயலிழப்பு, சிறுநீரக நோய், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் நீர், உப்பு ஆகியவற்றின் அளவைத் தம் மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். சிறுநீரக நோயாளிகள், பொட்டாசியம் மிகுந்த இளநீரையும் மருத்துவரைக் கேளாமல் அருந்தக் கூடாது.

மருந்து உட்கொள்வோர் கவனத்துக்கு

இன்சுலின் அல்லது கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுத்துக்கொள்ளும் நீரிழிவு நோயாளிகளுக்குக் கால் சோர்வுடன் நடுக்கம், வியர்வை, தடுமாற்றம் தோன்றினால் அது தாழ்சர்க்கரையாக இருக்கலாம். உடனே நிறுத்தி, மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்து அருந்தி, 15 நிமிடம் கழித்து மீண்டும் சர்க்கரை அளவைப் பார்க்க வேண்டும். புறப்படும் முன்பே அளவு 100 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால், சிறிது உண்ட பின்னரே கிளம்ப வேண்டும். இன்சுலினைத் தொடையில் செலுத்திக்கொண்டு உடனே மிதித்தால் அது வழக்கத்தைவிட விரைவாக உடலில் கலக்கும். நீண்ட பயணத்துக்குப் பின் அன்றிரவுகூடச் சர்க்கரை தாழலாம். வீட்டார் இதை அறிந்திருப்பது நலம்.

மெட்டோப்ரோலால், அட்டெனோலால் போன்றவை இதயத்துடிப்பின் உச்ச வேகத்தைக் குறைப்பதால் சோர்வு தோன்றலாம். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மருந்துகள் சிலருக்குத் தசைவலி தரும். தசைவலியுடன் சிறுநீர் கருஞ்சிவப்பாக வெளியேறினால் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். ஏனைய தொல்லைகளுக்காக எந்த மருந்தையும் தாமாக நிறுத்துதல் கூடாது.

எப்போது மருத்துவரை நாட வேண்டும்?

பழகிய தூரமே வாரத்துக்கு வாரம் கடினமாகுமானால், அதை வயது என்று ஒதுக்கிவிடாதீர்கள். இரத்தசோகை, தைராய்டு குறைபாடு, வைட்டமின் டி குறைபாடு ஆகியவை இவ்வாறு வெளிப்படலாம். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை உள்ளது.

குறிப்பிட்ட தூரம் மிதித்ததும் கெண்டைக்காலோ தொடையோ வலித்து, சில நிமிட ஓய்வில் மறைந்து, மீண்டும் மிதித்தால் திரும்ப வருகிறதா? காலுக்குச் செல்லும் இரத்தக்குழாய் சுருங்கியிருக்கலாம். புகைபிடிப்போரும் நீரிழிவு உள்ளோரும் இதைப் புறக்கணிக்கலாகாது. முதுகுத்தண்டில் நரம்பு நெருக்கப்பட்டவர்களுக்கோ, நடக்கும்போது கால் வலிக்கும். முன்குனிந்து மிதிவண்டி ஓட்டும்போது பெரும்பாலும் வலி இராது. மார்பில் இறுக்கம், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல், மயக்கம் ஆகியவை தோன்றினால் பயணத்தை அங்கேயே நிறுத்தி, உடனே அவசர சிகிச்சைக்கு வர வேண்டும்.

தொடக்கத்தில் குறிப்பிட்டவருக்கு இரத்தத்தில் ஹீமோகுளோபின் 8.6 மட்டுமே இருந்தது. ஆண்களுக்கு 13 இருக்க வேண்டும். எதனால் என்று வினவியபோது, அவர் மனைவிதான் கூறினார்: "முட்டி வலிக்கிறதென்று கடையில் மாத்திரை வாங்கித் தினமும் போடுகிறார். இப்போதெல்லாம் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது." எண்டோஸ்கோப்பியில் இரைப்பைப் புண் தெரிந்தது. வலி மாத்திரைகளால் உண்டான அப்புண்ணிலிருந்து, அவர் அறியாமலே மாதக்கணக்கில் இரத்தம் கசிந்திருந்தது. மலம் கறுப்பாகப் போனதை அவர் பொருட்படுத்தவில்லை.

புண்ணுக்கான சிகிச்சையும் இரும்புச்சத்து மாத்திரையும் அவரைத் தேற்றின. சில மாதங்களில் மீண்டும் கோவளம் சென்று வந்தார். முழங்கால் வலிக்கான காரணத்தையும் கண்டறிந்தோம்: அவரது மிதிவண்டியின் இருக்கை தாழ்வாக இருந்தது. தொடக்கத்திலேயே அதைச் சற்று உயர்த்தியிருந்தால் வலி மாத்திரைக்கே தேவை எழாமல் போயிருக்கலாம்.

கால் சோர்ந்தால் முதலில் உணவையும் வேகத்தையும் இருக்கையையும் சரிபாருங்கள். இரண்டு மூன்று வாரங்களில் மாற்றம் இல்லையெனில், உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும், கடையில் நேரடியாக வாங்கியவற்றையும் சேர்த்து எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் வாருங்கள். வீட்டில் உள்ள ஒருவரையும் உடன் அழைத்து வாருங்கள். நீங்கள் கூற மறப்பதை அவர் கூறுவார்.