துடைத்து விற்றேன், ஃபீஸ் கட்டினேன்!

மகளின் கல்லூரி ஃபீசுக்காக, என் பழைய ஸ்கூட்டரை விற்க வேண்டி வந்தது. பழைய வண்டி வாங்கும் கடைக்காரர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "14 ஆயிரத்துக்கு மேல ஒரு பைசா பெறாதும்மா" என்று கூறி விட்டார். எனக்கோ மனசு கேட்கவில்லை.

வண்டியைத் திருப்பி எடுத்து வந்து, ஒரு ஞாயிறு முழுக்க அதோடு மல்லுக்கட்டினேன். துணி சோப்புத்தூள் போட்டால் பெயின்ட் மங்கி விடும் என்பதால், ஷாம்பு கலந்த தண்ணீரில் கழுவினேன். சைலன்சர் வாயிலும், சுவிட்சுகளிலும் தண்ணீர் புகாமல் பாலிதீன் கவரைக் கட்டிக் கொண்டேன். இன்ஜின் அடியில் இறுகிக் கிடந்த எண்ணெய்ப் பிசுக்கு, டீசல் தொட்ட பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்ததும் போயே போச்சு! மஞ்சளித்த ஹெட்லைட்டுக்கு டூத்பேஸ்ட்; கடைசியில் வாக்ஸ் பாலிஷ். கிழிந்த சீட்டுக்குப் புதுக் கவர். எல்லாம் சேர்த்து 900 ரூபாய்தான் செலவு.

பக்கத்துத் தெருப் பெண் ஒருவர் பார்க்க வந்தார். செல்ஃப் ஸ்டார்ட் சில நாள் மக்கர் செய்யும் என்பதை மறைக்காமல் சொல்லி, சர்வீஸ் பில்களையும் காட்டினேன். "குறையை நீங்களே சொன்னீங்க பாருங்க, அதனாலதான்க்கா நம்பி வாங்குறேன்" என்றவர், 20,500 ரூபாய் கொடுத்தார்!

தோழிகளே, பணம் கைக்கு வந்ததும் அப்படியே விட்டு விடாதீர்கள். படிவம் 29, 30 கொடுத்து, ஆர்.சி.,யில் பெயர் மாறியதை உறுதி செய்து கொள்ளுங்கள். இல்லாவிட்டால், அவர்கள் செய்யும் விபத்தும், அபராதமும் நம் தலையில்தான் விடியும்!

- ஒரு வாசகி, ஈரோடு.