500 குதிப்புகள் கற்றுத்தராத பாடம்

அமெரிக்காவில் புதியவர் ஒருவரைத் தன் உடலோடு பிணைத்துக்கொண்டு விமானத்திலிருந்து குதிப்பவரை டேண்டம் பயிற்றுநர் என்கிறார்கள். அவருக்கு அந்நாட்டு விமானப் போக்குவரத்து விதி 105.45 சில தகுதிகளை வகுத்திருக்கிறது: பாராசூட் குதிப்பில் 3 ஆண்டு அனுபவம், குறைந்தது 500 குதிப்புகள், மிக உயர்ந்த நிலை உரிமம், இவற்றுக்கு மேல் டேண்டம் கருவிக்கென்றே தனிப் பயிற்சி. இவற்றில் பலரின் கண்ணிலும் படுவது 500 என்ற எண்தான். இவ்வளவு குதித்தவருக்கு இன்னும் என்ன பயிற்சி வேண்டிக்கிடக்கிறது என்ற கேள்வியும் கூடவே எழும். உண்மையில் அந்த 500 வாசல்படி மட்டுமே. பயிற்றுநரை உருவாக்கும் பாடம் அந்தக் குதிப்புகளுக்கு வெளியே இருக்கிறது. ஏன் என்பதை இயற்பியலும் நிகழ்தகவும் மனித உடலின் அச்சமும் சேர்ந்து விளக்குகின்றன.

முதலில், எண்ணிக்கை தருவது என்ன என்று பார்த்துவிடலாம். வால்டர் ஃபென்ஸ், சீமோர் எப்ஸ்டைன் என்ற உளவியலாளர்கள் 1967இல் வெளியிட்ட ஆய்வில், பாராசூட் வீரர்களின் இதயத் துடிப்பு, மூச்சு, தோலின் மின்கடத்தும் திறன் ஆகியவற்றைக் குதிப்புக்கு முன்பு படிப்படியாக அளந்தார்கள். புதியவர்களுக்குப் பதற்றம் குதிக்கும் கணம்வரை ஏறிக்கொண்டே போனது. அனுபவசாலிகளுக்கோ முன்னதாகவே உச்சத்தைத் தொட்டு, கதவருகே வரும்போது தணிந்திருந்தது. அவர்களும் அஞ்சவே செய்கிறார்கள், ஆனால் அச்சம் சீக்கிரமே வந்து போய்விடுகிறது. மாணவரின் முகத்தையும் கையையும் உயரமானியையும் ஒரே நேரத்தில் கவனிக்க வேண்டியவருக்கு இந்த அமைதி இன்றியமையாதது. அது புத்தகத்தில் கிடைக்காது, திரும்பத் திரும்பக் குதித்தால்தான் வரும். அந்த வகையில் எண்ணிக்கை விதி நியாயமானதே.

ஆனால் அதே எண்ணிக்கை ஆபத்தைப் பற்றி மிகக் குறைவாகவே சொல்லித் தருகிறது. 13,000 அடியிலிருந்து குதிப்பவர் பாராசூட் விரியும்வரை விழும் நேரம் சுமார் ஒரு நிமிடம். அப்படியானால் 500 குதிப்பு என்பது எட்டு மணி நேரத்துச் சொச்சம், ஒரு வேலைநாள் அளவு. முதன்மைப் பாராசூட் பழுதாகி, அதைக் கழற்றிவிட்டு ரிசர்வ் பாராசூட்டை இழுக்கும் நிலை ஏறத்தாழ ஆயிரம் குதிப்புக்கு ஒருமுறை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 500 முறை குதித்தவர்களில் பத்துக்கு ஆறு பேர் அந்த நெருக்கடியை ஒருமுறைகூடச் சந்தித்திருக்க மாட்டார்கள் என்கிறது நிகழ்தகவுக் கணக்கு. ‘இதுவரை எனக்கு ஒன்றும் ஆனதில்லை’ என்பது திறமைக்குச் சான்றாகாது. கருவிகள் நம்பகமாக ஆக ஆக, அனுபவம் ஆபத்தைக் காட்டித் தருவதும் குறைந்துகொண்டே போகிறது. எனவே அரிதாக நிகழ்வதை வேண்டுமென்றே நிகழ்த்திக் காட்டும் பயிற்சி ஒன்று தேவைப்படுகிறது.

அமெரிக்க பாராசூட் சங்கத்தின் ‘ஏ.எஃப்.எஃப்.’ பயிற்றுநர் தேர்வு இதைத்தான் செய்கிறது. இது டேண்டம் போன்றதல்ல. மாணவர் தன் பாராசூட்டோடு தனியாகக் குதிப்பார், பயிற்றுநர் பக்கத்தில் பறந்தபடி அவரைப் பிடித்துக்கொண்டிருப்பார். வேட்பாளருக்கு முன்பே 6 மணி நேரத் தடையற்ற வீழ்ச்சி அனுபவம் வேண்டும், குதிப்புக்கு ஒரு நிமிடம் என்ற கணக்கில் சுமார் 360 குதிப்புகள். தேர்வில் மாணவராக நடிப்பவர் தேர்வாளர். அவர் உடலை முறுக்குவார், மல்லாந்து விழுவார், சுழலுவார், இழுக்க வேண்டிய உயரத்தில் கைப்பிடியை இழுக்காமல் இருப்பார். வேட்பாளர் அவரைப் பிடித்து நிலைப்படுத்த வேண்டும், முடியாவிட்டால் அவருக்காகத் தானே இழுக்க வேண்டும். இதன் கடினம் கணக்கிட்டுப் பார்த்தால்தான் புரியும். ஒரே உடல்நிலையில், ஒரே பரப்போடு விழும் இருவரில் ஒருவர் 60 கிலோ, மற்றவர் 80 கிலோ என்றால், எடையின் இருபடி மூலத்துக்கேற்பக் கனமானவர் 15 சதவீதம் வேகமாக விழுவார். அது நொடிக்கு 8 மீட்டர் வித்தியாசம். பயிற்றுநர் கைகால்களை விரித்தும் குறுக்கியும் அதைச் சரிக்கட்டாவிட்டால், ஐந்து நொடியில் மாணவர் 40 மீட்டர் தள்ளிப் போயிருப்பார். தனக்காகப் பறப்பவருக்கு இன்னொருவரின் வேகத்தைத் தன் உடலில் ஏற்றுக்கொள்ளும் பழக்கமே இருக்காது. நூற்றுக்கணக்கில் தனியாகக் குதித்தவர்கள் இத்தேர்வில் திணறுவதற்குக் காரணம் இதுதான்.

இதைவிடக் கடினமான பாடம் ஒன்று உண்டு. தொடக்கக் குதிப்புகளில் மாணவர் 5,500 அடியில் இழுக்க வேண்டும். 2,000 அடி என்பது பயிற்றுநரின் எல்லைக்கோடு. அந்த உயரத்தில், மாணவரின் பாராசூட் விரிந்திருந்தாலும் விரியாவிட்டாலும், அவரை விட்டுவிட்டுத் தன் பாராசூட்டைத் திறந்தே ஆக வேண்டும். இரண்டு உயரங்களுக்கும் நடுவே இருப்பது சுமார் 20 நொடி. 2,000 அடியிலிருந்து தரையைத் தொட 11 நொடி. நீச்சல் தெரிந்தவர் மூழ்குகிறவரைக் காப்பாற்றப் போய் அவர் பிடியில் தானும் மூழ்கிவிடுவதை ஊர்க்கிணறுகளில் கண்டிருக்கிறோம். இந்த விதி தடுப்பது அதைத்தான். விட்டுவிடும் மனவுறுதியைப் பழக்கிக்கொள்ளாதவர் நல்ல பயிற்றுநராக முடியாது. எந்த 500 குதிப்பும் இந்த முடிவை ஒருவரிடம் கேட்பதில்லை.

டேண்டத்தில் சிக்கல் வேறு வகை. இருவரின் எடை சேர்ந்தும் காற்றை எதிர்க்கும் பரப்பு ஏறக்குறைய ஒருவருடையதே. எனவே மணிக்கு 190 கி.மீ. என்ற வழக்கமான வேகம் 270 கி.மீ. வரை போய்விடும். அதைக் கட்டுப்படுத்தத்தான் ட்ரோக் எனும் சிறு பாராசூட்டைக் குதித்த சில நொடிகளுக்குள் வீச வேண்டும். பிறகு முதன்மைப் பாராசூட்டை வெளியே இழுப்பதும் அதுதான். தனியாகக் குதித்தவர் இதைக் கையாண்டே இருக்க மாட்டார். கருவிக்கென்றே தனிப் பயிற்சி கேட்பது இதனால்தான்.

இப்போது தானியங்கிக் கருவிகள் இருக்கின்றனவே என்று சிலர் கேட்கலாம். 1991இல் வந்த சைப்ரஸ் போன்றவை, சுமார் 225 மீட்டர் உயரத்திலும் ஒருவர் வேகமாக விழுந்துகொண்டிருந்தால் ரிசர்வ் பாராசூட்டைத் தாமே விடுவிக்கும். பல உயிர்களை அவை காத்திருக்கின்றன, அதில் ஐயமில்லை. ஆனால் அப்போது மிச்சமிருப்பது நான்கு நொடிதான். கருவியால் சுழற்சியை நிறுத்தவோ சிக்கிய கயிற்றை விடுவிக்கவோ முடியாது. காற்றுச் சுரங்கத்தில் பழகினால் போதாதா என்பது இன்னொரு கேள்வி. அங்கே உடலைக் கட்டுப்படுத்தும் கலை நன்றாகவே வரும். ஆனால் அங்கே உயரம் குறைவதில்லை, நேரம் தீர்ந்துபோவதுமில்லை. முடிவெடுக்கும் நெருக்கடியே அங்கு இல்லை.

எல்லாவற்றிலும் வலுவான மறுப்பு, இத்தனை படிகள் வெறும் காகிதச் சடங்கு, செலவைக் கூட்டுகின்றன என்பதுதான். செலவு உண்மையே. ஆனால் கலிஃபோர்னியாவின் லோடி அருகே 2016 ஆகஸ்டில் நடந்ததை நினைத்துப் பார்க்க வேண்டும். டேண்டம் குதிப்பில் பாராசூட் விரியாமல் 18 வயது இளைஞரும் 25 வயது பயிற்றுநரும் இறந்தார்கள். அந்தப் பயிற்றுநருக்கு முறையான தகுதிச் சான்றே இல்லை. அவருக்குப் பயிற்சி அளித்தவரின் சொந்தத் தேர்வாளர் தகுதி ஏற்கெனவே இடைநிறுத்தப்பட்டிருந்தது. அவர் வேறொரு தேர்வாளரின் கையெழுத்தைப் பயன்படுத்தி ஆவணங்களைத் தயாரித்திருந்தார். 2024இல் மோசடிக் குற்றத்துக்காக அவருக்கு இரண்டாண்டு சிறை விதிக்கப்பட்டது. தேர்வாளரின் கையெழுத்து ஒன்றையே சான்றாக நம்பினால் முறை எங்கே உடையும் என்பதை இவ்வழக்கு காட்டுகிறது. ஆகவே நிபந்தனைகளைத் தளர்த்துவதற்கு இதில் நியாயம் ஏதும் கிடைக்காது. கேட்க வேண்டியது வேறு: வேட்பாளர் தேர்வாளரோடு வானில் செய்ததன் ஒளிப்பதிவு கையெழுத்தோடு சேர்த்துச் சங்கத்திடம் வைக்கப்பட வேண்டும். தலைக்கவசத்தில் சின்னக் கேமரா பொருத்தும் இக்காலத்தில் அதற்குப் பெரிய செலவு இல்லை.