பிஷப் கிடையாது, உத்தரவும் கிடையாது... நாகாலாந்து அரசியலை அசைக்கும் பாப்டிஸ்ட் கவுன்சில் இயங்குவது எப்படி?

நாகாலாந்தில் மதுவிலக்கைத் தளர்த்தலாமா என்ற பேச்சு எழும்போதெல்லாம், எதிர்க்கட்சியை முந்திக்கொண்டு ஒரு அறிக்கை வந்துவிடும். கோஹிமாவைத் தலைமையிடமாகக் கொண்ட 'நாகாலாந்து பாப்டிஸ்ட் சர்ச் கவுன்சில்' (என்.பி.சி.சி.) வெளியிடும் அறிக்கை அது. 2011 கணக்கெடுப்பின்படி மாநில மக்களில் சுமார் 88 சதவீதம் பேர் கிறிஸ்தவர்கள், அவர்களில் பெரும்பான்மையினர் பாப்டிஸ்ட்கள். அப்புறம் எந்த ஆட்சிதான் அந்த அறிக்கையைக் கண்டுகொள்ளாமல் இருக்க முடியும்?

கதை 1871-ல் தொடங்குகிறது. அசாமின் சிவசாகரில் அச்சகம் நடத்திவந்தவர் அமெரிக்க மிஷனரி எட்வர்ட் வின்டர் கிளார்க். ஆனால் நாகா மலைக்கு முதலில் ஏறியவர் அவரல்ல, கோதுலா என்ற அசாமிய ஊழியர். வெள்ளைக்காரர்களின் ஒற்றன் என்று சந்தேகப்பட்ட ஆவோ நாகா கிராமத்தார் அவரைக் குடிசையில் அடைத்து வைத்தார்கள். உள்ளே அவர் பாடிய பாட்டுதான் அவர்களின் மனதை மாற்றியது என்று இன்றும் சொல்வார்கள். 1872 நவம்பரில் 9 பேர் சிவசாகருக்கு இறங்கிவந்து ஞானஸ்நானம் பெற்றார்கள். அடுத்த மாதமே கிளார்க் மலையேறினார்.

எல்லாம் சுமுகமாக நடக்கவில்லை. புதிய மதத்தால் கிராமம் இரண்டுபட்டது. 1876-ல் கிளார்க்கும் விசுவாசிகளும் வெளியேறி மொலுங்யிம்சென் என்ற புது ஊரையே உருவாக்கினார்கள். தலைவேட்டை நின்றது, பள்ளிக்கூடம் வந்தது, ஆவோ மொழி எழுத்து வடிவம் பெற்றது. கூடவே அரிசி பீருக்கும் இளைஞர் கூடமான மொருங்குக்கும் தடை வந்தது. இன்றைய மதுவிலக்குச் சண்டையின் வேர் இங்கேதான் இருக்கிறது.

சரி, கவுன்சில் எப்படி இயங்குகிறது?

நம்ம ஊர் சி.எஸ்.ஐ. சபையில் பிஷப் உண்டு, அவருக்குக் கீழே மறைமாவட்டம் உண்டு. பாப்டிஸ்ட்களிடம் அந்த ஏணியே கிடையாது. ஒவ்வொரு உள்ளூர் சபையும் தன்னாட்சி கொண்டது. போதகரைத் தேர்ந்தெடுப்பதும் பணத்தைச் செலவிடுவதும் அதன் உரிமை. ஒரே பழங்குடியின் சபைகள் சேர்ந்து ஒரு சங்கம் அமைக்கின்றன. ஆவோக்களுக்கு 'ஆவோ பாப்டிஸ்ட் அரோகோ முங்தாங்', அங்காமிகளுக்குத் தனி கவுன்சில், சுமி, லோதா, கொன்யாக் மக்களுக்கும் தனித்தனியே உண்டு. இந்தச் சங்கங்களின் கூட்டமைப்புதான் 1937-ல் உருவான என்.பி.சி.சி. அதற்கு மேலே குவாஹாத்தியைத் தலைமையிடமாகக் கொண்ட வடகிழக்கு இந்திய பாப்டிஸ்ட் கவுன்சில் இருக்கிறது.

ஆக, விதிப்படி பார்த்தால் கவுன்சில் ஆலோசனைதான் சொல்ல முடியும். நடைமுறை வேறு. பழங்குடி அமைப்பும் சபை அமைப்பும் கிட்டத்தட்ட ஒரே கோட்டில் ஓடுவதால், கோஹிமாவில் எடுத்த முடிவு ஞாயிற்றுக்கிழமை கிராமத்துப் பிரசங்க மேடைக்கு வந்துவிடும். எந்தக் கட்சிக்கும் இப்படி ஒரு கிளை அமைப்பு கிடையாது.

அந்தப் பலம் ஒருமுறை துப்பாக்கிகளையே அமைதிப்படுத்தியது. ராணுவத்துக்கும் நாகா ஆயுதக் குழுவுக்கும் மோதல் உச்சத்தில் இருந்த 1964-ல், வோக்காவில் கூடிய பாப்டிஸ்ட் மாநாடு அமைதிக் குழு ஒன்றை முன்மொழிந்தது. ஜெயப்பிரகாஷ் நாராயண், அசாம் முதல்வர் பி.பி.சாலிஹா, பாதிரியார் மைக்கேல் ஸ்காட் ஆகிய மூவரும் அதில் இடம்பெற்றனர். அந்த ஆண்டு செப்டம்பர் 6-ம் தேதி போர்நிறுத்தம் அமலுக்கு வந்தது. குழு சில ஆண்டுகளில் கலைந்துபோனாலும், இரு தரப்பும் நம்பிய ஒரே நடுவர் சபைதான் என்ற பெயர் நிலைத்தது.

மதுவிலக்கில் அப்படிச் சொல்ல முடியாது. சபையின் தொடர் அழுத்தத்தால் வந்த 1989-ம் ஆண்டு முழு மதுவிலக்குச் சட்டம் இன்றும் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் டிமாப்பூரை ஒட்டியே அசாம் எல்லை, கள்ளச்சந்தையில் பாட்டில் தாராளமாகக் கிடைக்கிறது. வரி வருமானம் போச்சு, கலப்பட சரக்கு வந்தாச்சு என்பது தளர்த்தக் கேட்பவர்களின் வாதம். அமல்படுத்தாதது அரசின் தவறு, அதற்குச் சட்டத்தை ஏன் குறை சொல்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்கிறது கவுன்சில்.

தேர்தலிலும் இதே இழுபறிதான். ஓட்டுக்குப் பணம் வாங்காதே, இன்னொருவர் ஓட்டைப் போடாதே, ஊரே சேர்ந்து ஒருவருக்குத்தான் ஓட்டு என்று தீர்மானம் போடாதே எனத் 'தூய தேர்தல்' பிரசாரம் நடத்துகிறது என்.பி.சி.சி. பணம் கொடுப்பவரும் வாங்குபவரும் பெரும்பாலும் அதே சபையின் உறுப்பினர்கள்தான்.