பூட்டிய வீட்டில் வீணாகும் பேட்டரி

பெங்களூருவின் பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் தமிழர்களில், ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் நிலமும் தோட்ட வீடும் வைத்திருப்பவர்கள் உண்டு. பொங்கலுக்கும் மாங்காய்ப் பருவத்துக்கும்தான் அங்கே ஆள் புழக்கம். மின்கம்பம் எட்டாத இடமென்றால் சோலார்தான் வழி. "25 வருஷம் கவலையில்லை" என்று சொல்லி விற்பார்கள். அந்தக் கணக்கு பேனலுக்கு மட்டும்தான். பேட்டரிக்கு வாரண்டியே பெரும்பாலும் 3 முதல் 5 ஆண்டுதான்; பூட்டிய வீட்டில் அதுவரைகூடத் தாங்காமல் போகலாம்.

தோட்ட வீட்டைப் பூட்டிக் கிளம்பும்போது விளக்கை அணைக்கிறோம், இன்வெர்ட்டரை விட்டுவிடுகிறோம். சும்மா ஓடும் இன்வெர்ட்டர் 15 வாட் இழுத்தால் ஒரு நாளைக்கு 360 வாட்-மணி. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி நிறைந்திருந்தாலே 1,800 வாட்-மணிதான். பேனலைச் சருகும் பறவை எச்சமும் மூடிச் சார்ஜ் ஏறாவிட்டால் ஐந்தே நாளில் காலி. காலியான லெட்-ஆசிட் பேட்டரி வாரக்கணக்கில் கிடந்தால் தகடுகளில் சல்பேட் இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய தெம்பு வராது.

எனவே இன்வெர்ட்டரை அணையுங்கள். பேனலிலிருந்து பேட்டரிக்குப் போகும் இணைப்பைக் கழற்றாதீர்கள். சார்ஜ் கன்ட்ரோலர் இன்வெர்ட்டருக்குள்ளேயே இருக்கும் மாடல் என்றால், ஸ்விட்சை அணைத்த பிறகும் சார்ஜ் ஏறுகிறதா என்று பார்த்துவிட்டுப் பூட்டுங்கள். டியூபுலர் பேட்டரியில் தண்ணீர் குறைந்திருந்தால், குறைந்த அளவுக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். போர்வெல் தண்ணீரும் கூடாது, ஆசிடும் கூடாது.

திரும்பி வந்ததும் முதலில் பேட்டரி அறையின் கதவு ஜன்னலைத் திறந்துவிடுங்கள். சார்ஜ் ஏறும்போது வரும் ஹைட்ரஜன் உள்ளே தேங்கியிருக்கலாம். அது வெடிக்கத் தீக்குச்சியோ ஸ்விட்ச் பொறியோ போதும். பேனலை விடியற்காலையில் துடையுங்கள். உச்சி வெயிலில் காய்ந்த கண்ணாடியில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விடலாம். வெளிச்சம் இருக்கும்வரை பேனல் ஒயரில் மின்சாரம் உண்டு. எலி கடித்த ஒயரைக் கையால் தொடாதீர்கள்.

வாரண்டி கேட்டுப் போனால் "நீங்கள் பராமரிக்கவில்லை" என்ற பதில் வரக்கூடும். ஒவ்வொரு முறை பூட்டும்போதும் மல்டிமீட்டரில் தெரியும் வோல்ட்டையும் தண்ணீர் மட்டத்தையும் தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள். முழுச் சார்ஜில் ஓய்ந்திருக்கும் 12 வோல்ட் பேட்டரி ஏறக்குறைய 12.7 காட்டும். சீரியல் எண் எழுதிய ஜிஎஸ்டி பில்லும், கடை முத்திரையும் தேதியும் உள்ள வாரண்டி கார்டும் கையில் இருக்க வேண்டும். சோலார் வாங்கும்போதே "பிஎம் சூர்ய கர் மானியம் வாங்கித் தருகிறேன்" என்று முன்பணம் கேட்பவரிடம் கவனம். 2024-இல் தொடங்கிய அந்த மானியம் மின்வாரிய இணைப்போடு சேர்ந்து இயங்கும் வீட்டுக்கூரை சோலாருக்குத்தான். பேட்டரியை மட்டும் நம்பி ஓடும் தோட்ட வீட்டுக்கு அல்ல.

கடைக்காரர் கைவிரித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பேட்டரியை ஓசூரில் வாங்கியிருந்தாலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் பெங்களூருவிலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. ஆனால் குறை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட்டாக வேண்டும். எப்போதாவது திறக்கும் வீட்டுக்கு அது நான்கைந்து பயணத்தில் கரைந்துபோகும் காலம். பழுதைப் பார்த்த அன்றே கடைக்கு எழுத்தில் புகார் அனுப்பி, நகலைப் பத்திரப்படுத்துங்கள்.