கடை கைமாறும்போது

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், சிற்றூர் தாலுகாவின் கிழக்கெல்லையில் உள்ளது வேலந்தாவளம். ஊரைத் தாண்டினால் கோவை மாவட்டம். 1956-ஆம் ஆண்டில் மொழிவழி மாநிலங்கள் அமைந்த பின்னரும், இவ்வட்டாரத் தமிழ் மக்களுக்கும் கோயம்புத்தூர்க் கடைவீதிக்கும் இருந்த உறவு அறுபடவில்லை. அன்றாட மளிகைக்கு உள்ளூர்க் கடை, கல்யாணம் காட்சிக்கு நகரத்துப் பெரிய கடை என்பதே நெடுநாளைய வழக்கம். ஆகவே, கோவையில் ஒரு பெரிய கடை கைமாறுமானால் அச்செய்தி எல்லைக்கு இப்பால் உள்ள நமக்கும் உரியதேயாகும்.

அத்தகைய மாற்றம் ஒன்று 2020-ஆம் ஆண்டு நிகழ்ந்தது. கோவையிலும் சுற்றுப்புறங்களிலும் 29 கடைகளை நடத்திவந்த ஸ்ரீ கண்ணன் டிபார்ட்மெண்டல் ஸ்டோர் நிறுவனத்தை, மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட ரிலையன்ஸ் சில்லறை வணிக நிறுவனம் 152.5 கோடி ரூபாய்க்கு வாங்கிற்று. கொங்கு நாட்டு மக்கள் நன்கறிந்த ஒரு வியாபாரம், அகில இந்திய ஸ்தாபனம் ஒன்றின் அங்கமாயிற்று.

இது புதுமையன்று. சென்னையின் ஸ்பென்சர் கம்பெனி 1860-களில் தோன்றியது. 1890-களில் மவுண்ட் ரோட்டில் அது எழுப்பிய மாளிகை நாடெங்கும் புகழ் பெற்றது. ஆயினும் அது பெரிதும் நம்பியிருந்தது ஆங்கிலேய அதிகாரிகளையும் செல்வர்களையுமே. 1947-க்குப் பின் அந்த வாடிக்கை குறைந்தது. 1980-களில் பழைய மாளிகை தீக்கிரையாயிற்று. 1989-இல் கம்பெனி ஆர்.பி.ஜி. குழுமத்தின் கைக்கு வந்தது. ஸ்பென்சர் என்ற பெயர் நிலைத்தது. உடையவர் மாறினார், கடையின் இயல்பும் மாறிற்று. இங்கிலாந்தில் 2021-ஆம் ஆண்டு டெபன்ஹாம்ஸ் என்னும் பழம்பெரும் கடையின் பெயரை மட்டும் வலைத்தள வணிக நிறுவனம் ஒன்று விலைக்கு வாங்கிக்கொண்டது. கட்டடக் கடைகளோ ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

பழைய பெருங்கடைகள் ஏன் தளர்கின்றன? சில்லறை வியாபாரத்தில் ஒரு பொருளின்மீது கிடைக்கும் லாபம் சொற்பம். விரைவாக விற்று, விரைவாக மீண்டும் கொள்முதல் செய்பவரே நிலைக்க முடியும். நூற்றுக்கணக்கான கடைகளுக்குச் சேர்த்து வாங்குபவர் உற்பத்தியாளரிடம் கூடுதல் தள்ளுபடி பெறுகிறார். 29 கடைகளுக்கு வாங்குபவர் அவ்வளவு பெற இயலாது. போதாக்குறைக்கு வாடகை, மின்சாரம், சம்பளம் ஆகியவை ஏறுகின்றன. கைப்பேசியில் பதிவு செய்தால் பொருள் வீட்டு வாசலுக்கே வருகிறது. இந்நிலையில் கடையை விற்பது உடையவருக்கு நியாயமான முடிவாகவே தோன்றக்கூடும்.

வாங்குவோருக்கு இதனால் நன்மையும் உண்டு. விலை குறையலாம்; அச்சிட்ட ரசீது தவறாமல் கிடைக்கும். ஆனால் முடிவெடுக்கும் இடம் தூரமாகிவிடுகிறது. அப்பளமோ முறுக்கோ செய்து விற்கும் உள்ளூர்க் குடும்பம் முன்பு முதலாளியையே நேரில் கண்டு, தன் சரக்குக்கு அலமாரியில் ஓர் இடம் கேட்கலாம். இப்பொழுது அந்த முடிவு வேறொரு நகரத்தில் எடுக்கப்படக்கூடும். வாரக் கூலி வரும்வரை அரிசியும் பருப்பும் கடன் கொடுக்கும் கணக்கு நோட்டு, பெருங்கடையின் கணிப்பொறியில் இல்லை. அந்த நோட்டை வைத்திருப்பவர் சிற்றூர் மளிகைக்காரர் ஒருவரே. ரொக்கம் உள்ளபோது நாம் பெருங்கடைக்குச் சென்று, கைவறண்டபோது மட்டும் அவரிடம் வந்தால் அவர் எவ்வளவு நாள் தாங்குவார்?

பல பொருள் விற்கும் சில்லறைக் கடைகளில் 51 சதவீதம்வரை அந்நிய முதலீட்டை மத்திய அரசு 2012-இல் அனுமதித்தபோது, விருப்பமுள்ள மாநிலங்கள் ஏற்கலாம் என்று விதித்தது. கேரளமும் தமிழ்நாடும் அதனை எதிர்த்தன. ஆனால் கோவைக் கடைகளின் உடைமை மாறியது உள்நாட்டு மூலதனத்தினாலேயே. 2017-இல் சரக்கு சேவை வரி வந்து, வேலந்தாவளம் போன்ற எல்லை ஊர்களின் வணிகவரிச் சோதனைச் சாவடிகள் நீங்கின. சரக்கு எளிதாக எல்லை கடக்கிறது. அது பெரிய கிடங்கு உடையவருக்கே மிகுதியும் அனுகூலம்.

வேறு வகை உடைமையும் உண்டு. 1904-இல் தோன்றிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்குவோரே பங்குதாரர்கள். கேரள அரசு 1974-இல் நிறுவிய சிவில் சப்ளைஸ் கார்ப்பரேஷன், மாவேலி ஸ்டோர்கள் வாயிலாகச் சில பண்டங்களைச் சலுகை விலைக்கு விற்கிறது. ஆனால் 2023-இல் பணமுடையால் அங்கும் சலுகைப் பண்டங்கள் தட்டுப்பட்டன. உடைமை எவருடையதாயினும், கொள்முதலுக்குப் பணம் இல்லாவிடில் அலமாரி காலியாகவே இருக்கும்.

ஆகவே பெருங்கடை, கூட்டுறவுக் கடை, அரசுக் கடை, தெருமுனைக் கடை ஆகிய நான்கும் அருகருகே நிலவுவதே நமக்குப் பாதுகாப்பு. ஒன்றில் விலை ஏறினால் மற்றொன்றுக்குச் செல்லும் வழி அப்பொழுதுதான் இருக்கும். மாதச் சாமான்களில் ஒரு பகுதியையேனும் ரொக்கம் கொடுத்து உள்ளூர்க் கடையில் வாங்குவது, அந்த வழியை அடைபடாமல் காப்பதற்கு நம்மால் இயன்ற காரியமாகும்.