விலைப்பட்டியலில் பழைய கணக்கு நிற்பது ஏன்?

நம் உறுப்பினர்களில் பலர் கொள்முதல் விலை, ஏற்றுக்கூலி, வரி, லாபம் எல்லாவற்றையும் எக்ஸெல் தாளில் போட்டு, விற்பனை விலையைக் கம்ப்யூட்டரே கணக்கிடும்படி வைத்திருக்கிறார்கள். கொள்முதல் விலையை மாற்றினால் விற்பனை விலை தானாக மாறிவிடும். ஆனால் சில சமயம் மாறாமல் அப்படியே நிற்கும். கம்ப்யூட்டர் பழுதாகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் பழுது எதுவும் இல்லை. தாள் 'மேனுவல்' முறையில் இருக்கும், அவ்வளவுதான்.

நாள்வழியும் பேரேடும் எழுதிப் பழகிய நமக்கு இது புரியாத விஷயமல்ல. காலையில் ஒருவர் வைத்த பற்றை நாள்வழியில் குறிக்கிறோம். பேரேட்டில் ஏற்றும் வரை அவர் பக்கத்தில் பழைய பாக்கியே இருக்கும். 'ஆட்டோமேட்டிக்' முறை என்பது ஒவ்வொரு பதிவையும் அப்போதே பேரேட்டில் ஏற்றிவிடும் கணக்குப்பிள்ளை. 'மேனுவல்' முறையில் நாம் எஃப் 9 சாவியை அழுத்திச் சொன்னால்தான் ஏற்றுவார்.

இதில் நஷ்டம் எப்படி வருகிறது என்று பாருங்கள். துவரம் பருப்பு குவிண்டால் கொள்முதல் ரூ.11,000 என்று வைத்துக்கொள்வோம். 4 சதவீத லாபத்தில் விற்பனை விலை ரூ.11,440. மறுநாள் கொள்முதல் ரூ.11,600 ஆகிறது. அதைத் தாளில் பதிகிறோம். விற்பனை விலை ரூ.12,064 ஆக வேண்டும். மேனுவல் முறையில் ரூ.11,440 என்றே நிற்கும். அதைப் பார்த்து 50 கிலோ மூட்டை 20 கொடுத்தால், வாங்கிய விலைக்கும் கீழே, ரூ.1,600 கைநஷ்டம். வரவேண்டிய லாபம் ரூ.4,640 தனி.

வரி மாறும்போதும் இதே கதைதான். 2025 செப்டம்பர் 22 முதல் நெய்க்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. வரி கட்டத்தில் 5 என்று திருத்தியும் கணக்கு ஓடவில்லை என்றால், ரூ.600 அடக்கமுள்ள நெய்க்கு ரூ.630 என்று வரவேண்டியது ரூ.672 என்றே காட்டும். கிலோவுக்கு 42 ரூபாய் கூடுதலாகச் சொன்னால் வாடிக்கையாளர் எதிர்க்கடைக்குப் போகாமல் என்ன செய்வார்?

"நாங்கள் எதையும் மாற்றவில்லையே" என்று கேட்கலாம். இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. எக்ஸெல்லைத் திறந்ததும் முதலில் எந்தக் கோப்பைத் திறக்கிறோமோ, அதன் முறையே அப்புறம் திறக்கும் எல்லாக் கோப்புகளுக்கும் வந்துவிடுகிறது. வெளியிலிருந்து வந்த கோப்பு ஒன்று மேனுவலில் இருந்து, அதை முதலில் திறந்தால், நம் விலைப்பட்டியலும் மேனுவல் ஆகிவிடும். அந்த நிலையில் சேமித்தால் அதுவே நம் கோப்பில் பதிந்தும் விடும். ஒட்டுவாரொட்டி போலத்தான்.

இன்னொரு கண்ணி. மேனுவலில் ஒரு வரியின் ஃபார்முலாவைக் கீழே உள்ள வரிகளுக்கு இழுத்தால், எல்லா வரியிலும் முதல் வரியின் விலையே தெரியும். பருப்பு விலையே மிளகாய்க்கும் மல்லிக்கும் நின்றால் கண்ணில் படும். விலை கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும் சரக்குகளில் படாது.

பார்ப்பது எளிது. மேலே 'ஃபார்முலாஸ்' பகுதியில் 'கால்குலேஷன் ஆப்ஷன்ஸ்' என்று இருக்கும். அதில் 'ஆட்டோமேட்டிக்' என்பதில் குறி இருக்க வேண்டும். கணக்கு பாக்கி இருந்தால் திரையின் அடிப்பட்டையில் 'கால்குலேட்' என்ற சொல் தெரியும். எஃப் 9 அழுத்தினால் திறந்திருக்கும் எல்லாக் கோப்பும் கணக்கிடப்படும். ஷிஃப்டுடன் சேர்த்து அழுத்தினால் அந்த ஒரு தாள் மட்டும்.

பிறகு எதற்கு மேனுவல் என்று ஒரு முறை? 1983ல் வந்த லோட்டஸ் 1-2-3 காலத்தில் கம்ப்யூட்டர்கள் மெதுவானவை. ஒவ்வொரு எண்ணுக்கும் தாள் முழுவதையும் கணக்கிட்டால் காத்துக் கிடக்க வேண்டும். அன்றும் எஃப் 9தான் சாவி. இன்றும் ஆயிரக்கணக்கான சரக்குகளும் ஒன்றையொன்று தேடி எடுக்கும் ஃபார்முலாக்களும் உள்ள கோப்பு திணறத்தான் செய்கிறது. மொத்த வியாபாரிகள் ஒரு லோடு இன்வாய்ஸ் முழுவதையும் பதியும்போது மேனுவலில் வைத்து, முடிந்ததும் எஃப் 9 அழுத்தி, ஆட்டோமேட்டிக்கிற்குத் திரும்புவது சரி. சில நூறு சரக்கு உள்ள மளிகைக் கடைக்கு மேனுவல் தேவையே இல்லை என்பது நம் கருத்து. கோப்பு திணறினால் பழைய வருடத் தாள்களை வேறு கோப்புக்கு மாற்றிப் பாருங்கள்.

கடைப் பையன்களும் கம்ப்யூட்டரைத் தொடும் இடங்களில் ஓர் ஏற்பாடு உண்டு. விலைப்பட்டியலின் தலைப்பில் ஒரு கட்டத்தில் 'நவ்' என்ற ஃபார்முலாவைப் போட்டு வையுங்கள். கடைசியாகக் கணக்கு ஓடிய தேதியும் நேரமும் அதில் நிற்கும். பத்து மணிக்கு விலை திருத்தியிருக்க, அங்கே ஒன்பது மணி என்று இருந்தால், பிரிண்ட் எடுக்கும் முன் எஃப் 9 அழுத்த வேண்டும்.