புதுச்சேரியில் ஒரு வியட்நாம் சாப்பாடு... பி.பி.காரர்கள் கவனிக்க!

திருப்பத்தூரிலிருந்து புதுச்சேரி போன நாங்கள், அங்கே ஒரு சின்ன வியட்நாம் ஹோட்டலில் மதியம் சாப்பிட உட்கார்ந்தோம். ஆம்பூர் பிரியாணியிலேயே வளர்ந்த நாக்கு என் மாமனாருக்கு. நூடுல்ஸ் சூப்பை ஒரு வாய் குடித்தவர், "என்னம்மா, சப்புனு இருக்கு" என்று பக்கத்திலிருந்த பழுப்பு நிற சாஸை எடுத்து ஊற்றப் போனார். அவருக்கோ பி.பி.!

"மாமா, வேணாம்! அது மீன் சாஸ். மீனையும் உப்பையும் மாசக்கணக்கா ஊறப் போட்டு வடிச்சது" என்று கையைப் பிடித்தேன்.

வியட்நாம் சமையல் இங்கே எப்படி வந்தது தெரியுமா? பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் சைகோனுக்கு வேலைக்குப் போன புதுச்சேரித் தமிழர்கள் சிலர், வியட்நாமியப் பெண்களை மணந்து ஊர் திரும்பினார்கள். கூடவே சமையலும் வந்துவிட்டது. புதுச்சேரியில் 'சாய்யோ' என்கிற பொரித்த சுருளின் பெயரே தென் வியட்நாமியப் பேச்சுதான். வடக்கே ஹனோயில் அதையே 'நெம் ரான்' என்பார்கள்.

சூப்பில் எண்ணெய் குறைவு, பச்சை இலைகளும் முளைகட்டிய பயறும் உண்டு. தாராளமாகச் சாப்பிடலாம். சிக்கல் சாஸில்தான். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு டேபிள்ஸ்பூன் மீன் சாஸிலேயே ஏறத்தாழ 3 கிராம் உப்பு போய்விடும்! சூப் தண்ணீரிலும் உப்பு இருப்பதால், பி.பி. உள்ளவர்கள் கடைசிச் சொட்டு வரை குடிக்காமல் கொஞ்சம் மிச்சம் வைக்கலாம்.

மாமா எலுமிச்சை பிழிந்து, இலைகளைக் கிள்ளிப் போட்டுக்கொண்டார். "இப்போ பரவாயில்லே" என்றவர், சாய்யோவை மட்டும் இன்னொன்று கேட்டார். அது எண்ணெயில் பொரித்ததாச்சே!